யானைக் காலும் குழவிக் கையும்

2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள், தில்லி நாடாளுமன்றத்தில் இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தம் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். வரி பற்றிய பகுதிக்கு வந்தபோது, பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன புறப்பாட்டைத் தமிழிலேயே எடுத்துக் கூறிப் பொருளும் விளக்கினார். தமிழர் மகிழ்ந்தனர், மகிழ வேண்டியதுதான். அன்று தொட்டு அப்பாட்டுக்குப் புதுவாழ்வு வந்துவிட்டது. நம் நாட்டில் வரவு செலவுத் திட்டம் வெளியாகும் பருவத்தில், பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஏதேனும் ஒரு கூட்டத்தில் யாரேனும் ஒருவர் அந்த யானையை மேடையில் அவிழ்த்து விடாமல் இருப்பதில்லை.

மேடையில் சொல்லப்படும் பொருள் பெரும்பாலும் ஒன்றே. அரசன் குறைவாக வரி வாங்க வேண்டும். மிகுதியாக வாங்கினால் குடிகள் கெடுவர். ஆகவே அரசு தன் செலவைச் சுருக்கி வரி கொடுப்போர் சுமையைக் குறைக்க வேண்டும் என்பர். வகுப்பறைக் குறிப்பேடுகளிலும் இதுவே காணப்படுகிறது. நானும் பல ஆண்டுகள் இப்படியே சொல்லி வந்தவன். இப்பொருள் தவறு என்று சொல்ல மாட்டேன், பாதி என்பேன். அந்தப் பாதியை மட்டும் கொண்டு ஓர் அரசு செலவைச் சுருக்கப் புகுந்தால் என்ன நேரும் என்பதை நம் நாட்டு வரலாறும் சென்னை வரலாறும் காட்டியிருக்கின்றன. ஆதலின் பாட்டை மறுபடியும் எடுத்துப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

புறநானூற்றில் அது 184ஆம் பாட்டு. திணை பாடாண், துறை செவியறிவுறூஉ, அஃதாவது அரசன் செவியில் அறிவுரையைப் புகுத்துதல். முதலில் சொல்லப்படுவது மிகச் சிறிய நிலம். ஒரு மாவுக்கும் குறைந்தது. இருபது மா கொண்டது ஒரு வேலி என்பதை நினைத்தால் அதன் சிறுமை விளங்கும். அதில் விளைந்ததை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் ஒரு யானைக்குப் பல நாளைக்கு வரும். அடுத்துச் சொல்லப்படுவது பெரிய நிலம், வயல் நூறு. அங்கே யானை தானே தனியாக இறங்கி மேய்கிறது. அது தின்றது கொஞ்சம். அதன் அடிபட்டு அழிந்ததோ மிகப் பெரிது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். புலவர் யானையைப் பட்டினி போடச் சொல்லவில்லை. கவளத்தைச் சிறிதாக்கு என்னும் பேச்சே பாட்டில் இல்லை. யானையின் வயிறு இரண்டிடத்தும் ஒன்றுதான். முதற் காட்சியில் அறுப்பவன் உண்டு, அளப்பவன் உண்டு, உருட்டி ஊட்டுபவன் உண்டு. சொல்லாமலே இத்தனை பேரும் உண்டு. இரண்டாம் காட்சியில் ஒருவரும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இதைக் கதையாகச் சொன்னபோது ஒரு சிறுவன், "பாகன் எங்க போய்ட்டாரு, ஐயா?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து பாட்டைத் திரும்பப் பார்த்தேன். யானை தனித்து நுழைந்தது என்று புலவர் ஒரு சொல்லை வைத்திருக்கிறார். சீரை நிரப்ப வந்த சொல் என்பது போல அதை இத்தனை ஆண்டும் கடந்து வந்திருக்கிறேன். அந்தச் சிறுவன் கடக்கவில்லை.

உவமை முடிந்தபின் வரும் பகுதியை மேடையில் யாரும் சொல்வதில்லை. அறிவுடைய வேந்தன் நெறியறிந்து கொண்டால் நாடு கோடி கோடியாகத் தந்து தானும் தழைக்கும் என்கிறார் புலவர். அறிவுடைமை அரசன் பெயரிலேயே இருக்கிறது என்பதைக் காண்க. புகழ்வது போலவும் இருக்கிறது, "பெயருக்கு ஏற்ப நடந்துகொள்" என்று குத்துவது போலவும் இருக்கிறது. நாடு குறைவாகத் தரும் என்று அவர் சொல்லவில்லை. மிகுதியாகத் தரும் என்றே சொல்கிறார். தில்லியில் இப்பாட்டைச் சொன்ன அமைச்சர் அதே உரையில் பெருஞ்செல்வர் மீது கூடுதல் வரியை உயர்த்தினார். பாட்டுக்கும் செயலுக்கும் பொருந்தவில்லையே என்று சிலர் நகைத்தனர். வரியின் அளவு பற்றிய பாட்டென்று கொண்டால்தான் நகைப்பு வரும்.

பின் மறுதலையைச் சொல்கிறார். அரசன் மென்மையுடையவன்; வலியற்றவன் என்க. நாள்தோறும் அவனைச் சூழ்ந்திருப்பது ஆரவாரிக்கும் சுற்றம். அச்சுற்றம் "வரிசை" அறியாதது. யார்க்கு எது தகும், எதன் பின் எது வரவேண்டும் என்னும் முறை அறியாதது. அவர்களோடு கூடிக் குடிகளின் "பரிவு" அழியும்படி பொருளை விரும்பினால், அரசனும் உண்ண மாட்டான், நாடும் கெடும். யானையின் கால் எது என்பதை இங்கேதான் புலவர் சொல்கிறார். அரசனது வாய் அன்று. அரசனைச் சூழ்ந்த ஆரவாரமே கால். வைகலும் என்ற சொல்லால் இது ஒருநாட் கூத்து அன்று, நாளும் நடப்பது என்பதையும் காட்டிவிடுகிறார்.

எனவே பாட்டு நமக்குத் தரும் அளவுகோல் "எவ்வளவு செலவு" என்பது அன்று. எது வாயால் போவது, எது காலால் அழிவது என்பதே அளவுகோல். செலவைச் சுருக்க வேண்டும் என்போர் முதலில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

வள்ளுவரும் இப்பக்கமே நிற்கிறார். வருவாய் வழி சிறிதானாலும் செலவு வழி அகலாதிருந்தால் கேடில்லை என்னும் 478ஆம் குறளைச் சிக்கனத்துக்குச் சான்றாக நாம் காட்டுகிறோம். அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று கேட்டால் பலர் பொருள்செயல்வகை என்பர். இல்லை, வலியறிதலில் இருக்கிறது. அவ்வதிகாரத்தின் கடைசி நான்கு குறளும் அளவறிந்து கொடுத்தலையும் அளவறிந்து வாழ்தலையுமே பேசுகின்றன. பகைமேல் செல்லுமுன் தன் வலியை எண்ணிப் பார்க்கும் அரசனுக்குச் சொன்னவை அவை. செலவைச் சுருக்குவது வள்ளுவர்க்கு வலியைக் காக்கும் வழி. வலியையே வெட்டிவிட்டுச் சிக்கனம் என்று பெயரிடுவது அவர் கருத்தன்று.

385ஆம் குறள் அரசுக்கு நான்கு தொழில் சொல்கிறது. நான்காவது வகுத்தல். இதனையும் அதே நிதியமைச்சர் 2021ஆம் ஆண்டு வரவு செலவு உரையில் எடுத்தாண்டார். பரிமேலழகர் வகுத்தலை அறம், பொருள், இன்பம் மூன்றற்கும் விடுத்தல் என விரிக்கிறார். பொருளின் பொருட்டு யானை, குதிரை, நாடு, அரண். இன்பத்தின் பொருட்டு மண்டபம், வாவி, செய்குன்று, இளமரக்கா. உரையாசிரியர் காலத்து அரசனின் செலவுப் பட்டியல் நம் கண்முன் நிற்கிறது. செய்குன்றுக்கு இடமிருந்த அந்தப் பட்டியலில் பள்ளிக்கூடத்துக்கு இடமில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் வகுத்தல் என்ற சொல்லுக்கு இன்றைய உரை எழுதப் புகுவோர் அந்தப் பட்டியலை அப்படியே பெயர்த்து எழுதுவது எனக்கு உடன்பாடன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1930களின் தொடக்கத்தில் உலக வாணிகம் சரிந்து ரப்பர் விலை வீழ்ந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு வருவாய் ரப்பரையும் ஈயத்தையுமே நம்பியிருந்தது. கோலாலம்பூரில் செலவுக் குறைப்பு தொடங்கியது. அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் ஆட்குறைப்பு நடந்தது. பிரிக்பீல்ட்ஸ் அன்று ரயில்வேக்காரரும் எழுத்தரும் நிறைந்த ஊர். ஒரு வெட்டு எத்தனை அடுப்பை அணைக்கும் என்பது அவ்வூர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டங்களில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசாக இருந்த நிலைக்கூலி 1930இல் 40 காசாக்கப்பட்டது. அதன் பின்னும் இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தென்னிந்தியாவிலிருந்து உதவிச் செலவில் ஆள் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. இங்கிருந்தோர் பல்லாயிரவர் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இதைக் கொடுமை என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எளிது. வருவாய் இல்லாத அரசு என்ன செய்யும் என்று அக்கால அலுவலர் கேட்டிருப்பர். அக்கேள்வியில் நியாயமும் உண்டு. என் வினா வேறு. வெட்டு எங்கே தொடங்கியது? கையில் பால்வாளி பிடித்தவனிடம் தொடங்கியது. அவனுக்குச் சட்டமன்றத்தில் வாயில்லை, செய்தித்தாளில் எழுத்தில்லை. எதிர்ப்புக் குரல் எழாத இடத்தில் வெட்டுவது எந்த அரசுக்கும் எளிது. பாட்டில் வரும் "வரிசை" அறியாமை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பத்தாண்டு கழித்து 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. ஆர். எச். நாதன் முன்னின்ற அப்போராட்டத்தைப் படைகொண்டு அடக்கினர், உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். அன்று தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் பார்க்க வேண்டும். கூலி கேட்டனர், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்கக் கேட்டனர், கள்ளுக்கடையை மூடக் கேட்டனர், பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்தது. சட்டம் இருந்து பதினெட்டு ஆண்டு ஆனபின்பும் அதைக் கோரிக்கையாக வைக்க வேண்டியிருந்தது என்றால், சட்டத்துக்குச் செலவிட்டவர் குறைவு என்பதே பொருள். கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் வந்து சொல்லிக் கொடுத்த பள்ளிகள் பல இருந்தன என்பதை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எவ்வளவு மலிவான கல்வி! சிக்கனம் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா?

சென்னையில் நடந்தது இன்னும் தெளிவானது. 1920ஆம் ஆண்டு, பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தீர்மானித்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது வரையறை. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922–23ஆம் ஆண்டில் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924–25இல் 1,671 ஆயிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யலாகாது என்று ஆங்கில அரசு மறுத்தது. 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளோடு உணவு நின்றது. பிள்ளைகளின் தொகையும் சரிந்தது. இங்கிலாந்தில் கெட்டிஸ் குழுவும் இந்தியாவில் இஞ்ச்கேப் குழுவும் அரசுச் செலவுகளை வெட்டச் சொல்லிச் சில ஆண்டே ஆகியிருந்த காலம் அது. அந்த ஓரணா மிச்சப்பட்டது. அதைக் கொண்டு யார் எதைச் சாதித்தார் என்று கேட்டால் விடையில்லை.

இந்த ஓரணாவை நினைக்கும்போதுதான் புறநானூற்றில் 184ஐ அடுத்து நான்காவதாக வரும் 188ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. அதைப் பாடியவர் வேறு யாருமல்லர். யானைப் பாட்டைக் கேட்ட அதே பாண்டியன் அறிவுடை நம்பி. எவ்வளவு பொருள் தேடினாலும், எத்தனை பேரோடு கூடி உண்டாலும், பிள்ளையில்லாதார் வாழ்நாளுக்குப் பயனில்லை என்பது அதன் கருத்து. பிள்ளை என்ன செய்கிறது? தளர்நடை நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, கலத்துச் சோற்றை எடுக்கிறது, தரையில் போடுகிறது, பிசைகிறது, வாயில் வைத்துக் கடிக்கிறது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக் கொள்கிறது. கண்டு மயங்கி நிற்கிறார் அரசர்.

கணக்கன் ஒருவன் இக்காட்சியைப் பார்த்தால் என்ன எழுதுவான்? வாய்க்குள் போனது கொஞ்சம், சிந்தியது மிகுதி என்றே எழுதுவான். யானையைப் பற்றிப் பிசிராந்தையார் சொன்னதும் அதுவே அன்றோ! இரண்டு பாட்டிலும் உண்டதைவிடச் சிந்தியது பெரிது. ஒன்றில் அது நாட்டின் கேடு. மற்றொன்றில் அது வீட்டின் பேறு. ஒரே அரசன் ஒன்றைக் கேட்டான், மற்றொன்றைப் பாடினான். சிந்தியதன் அளவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். யார் கை, யார் கால் என்று பார்த்தால்தான் வேறுபடும். சிக்கனத்தின் பெயரால் செய்யப்பட்ட தவறுகளில் பெரும்பகுதி, யானைக் காலைக் கட்ட அஞ்சிக் குழவிக் கையைக் கட்டியதுதான் என்பது என் துணிபு.

நம் காலத்துக்குச் சான்று வேண்டுமானால், 2006ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை ஒன்று போதும். இளைஞர் திறன் பயிற்சி நிலையங்களுக்கு வாங்கப்பட்ட பொருள்களில், சந்தையில் 50 ரிங்கிட் பெறும் கார் ஜாக்கி ஏறத்தாழ 5,700 ரிங்கிட்டுக்கு வாங்கப்பட்டதாக 2007இல் வெளியான அவ்வறிக்கை காட்டியது. நாடே பேசியது. இங்கே செலவுத் தலைப்பு கல்வி. செலவான விதம் யானைக் கால். கல்விக்கு என்று எழுதியதனாலேயே எல்லாம் குழந்தையின் கை ஆகிவிடாது என்பதையும் ஆசிரியர்களாகிய நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்காய்வு என்பது பாகனின் அங்குசம். அதன் அறிக்கையை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? யாப்பிலக்கணம் படிக்கும் பொறுமையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும், படித்துவிடலாம்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி வந்தது. தோட்டத்துக் கடையில் பிஸ்கட் வாங்கிய கிழவியும் அந்தச் சீட்டில் வரியைக் கண்டாள். முன்பிருந்த விற்பனை வரி பொருளின் விலைக்குள் ஒளிந்திருந்தது, இது தனி வரியாக அச்சாகி வந்தது. வரி மக்கள் கண்ணில் பட்டது அப்போதுதான். அதே காலத்தில்தான் 1எம்டிபி நிதியத்திலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறையின் குற்றச்சாட்டு வெளிவந்தது. எண்ணெய் விலை சரிந்தமையால் 2016 ஜனவரி 28இல் அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் திருத்தப்பட்டது. பொதுப் பல்கலைக்கழகங்களின் ஒதுக்கீடோ அதற்கு முன்பே வெட்டுக்கு உள்ளாகியிருந்தது. ஒருபுறம் வரி, ஒருபுறம் வெட்டு, நடுவில் ஆரவாரிக்கும் சுற்றம். பாட்டின் மூன்று உறுப்பும் ஒரே காலத்தில் கூடி நின்றதை நாம் கண்ணால் கண்டோம். 2018இல் ஆட்சி மாறியது. ஜூன் முதல் நாள் அவ்வரி சுழியமாக்கப்பட்டது. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரிகள் திரும்பின. அமைச்சர்கள் தம் சம்பளத்தில் 10 விழுக்காடு குறைத்துக் கொண்டனர். நல்லது, ஆனால் அது கவளத்தில் ஒரு பருக்கையைக் குறைத்தது. காலைக் கட்டுவது அதனினும் கடினமான வேலை.

பல்கலைக்கழகம் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த நாளில், 1950களில், தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். இந்தியவியல் துறையில் தமிழுக்கு உரிய இடமும் நூலும் வேண்டும் என்பது நோக்கம். தோட்டத்தாரும் துறைமுகத்தாரும் கொடுத்தனர். கூலியில் ஒரு காசு குறைந்தால் கொதித்தெழுகிறவன் தானே முன்வந்து கொடுத்தான். பிசிராந்தையார் சொன்ன "பரிவு" இதுதான். எங்கே போகிறது என்று தெரிந்தால் கொடுக்கிறவனுக்குச் சுமை தெரிவதில்லை. வரிச்சுமை என்று நாம் சொல்வதில் பாதி, தொகையின் சுமை அன்று, தெரியாமையின் சுமை. அந்தத் துறை பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. பல்கலைக்கழக ஒதுக்கீட்டை வெட்டும் பேனா, அறியாமலேனும், அந்தக் காசுகளின் மேலும் கோடு போடுகிறது.

வெட்டுகள் எல்லாம் தீயவை என்ற கருத்து எனக்கில்லை. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசாக உயர்த்தப்பட்டது. உதவித்தொகை விலையில் விற்ற டீசல் எல்லை கடந்தும் தொழிற்சாலைக்குள் புகுந்தும் போய்க்கொண்டிருந்தது என்பதை யாவரும் அறிவர். அது காலடியில் அழிந்த நெல். அதைத் தடுத்தது சரி. 2025 செப்டம்பர் 30ஆம் நாள் தொடங்கிய பெட்ரோல் உதவித் திட்டத்தில், குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டி 1 ரிங்கிட் 99 காசுக்கு மாதம் 300 லிட்டர் வரை பெற வழி செய்யப்பட்டது. பழைய முறை வயலைத் திறந்துவிட்டது போன்றது. இது அறுத்துக் கவளம் உருட்டியது போன்றது. பாட்டுக்கு இவ்வளவு நெருங்கி நம் நாட்டு அரசு வந்ததில்லை என்றே சொல்லலாம். ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். இங்கேயே பிறந்தும் நீல அட்டை இல்லாத நம்மவர் இன்னும் இருக்கின்றனர். கவளம் உருட்டும் கை அவர்களைக் காண்பதில்லை. மேலும் அதே 2024இல் மார்ச்சு முதல் நாள் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆயிற்று. செலவு சுருங்கினால் வரி இறங்கும் என்று மேடையில் சொல்லப்படும் சூத்திரம் எப்போதும் பலிப்பதில்லை. மிச்சமான பணத்துக்குப் பழைய கடன் காத்திருக்கிறது. ஆட்சியை வண்டிக்கு ஒப்பிட்டு, ஓட்டத் தெரியாதவன் அதைச் சேற்றில் ஆழ்த்துவான் என்று தொண்டைமான் இளந்திரையன் பாடிய 185ஆம் பாட்டு இவ்விரண்டு பாட்டுக்கும் இடையிலே இருக்கிறது.

வரியைத் தள்ளுபடி செய்ததற்கும் புறநானூற்றில் சான்று உண்டு. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் சென்று பாடிப் பழைய நிலவரிப் பாக்கியை விலக்கிக் கொண்டார், 35ஆம் பாட்டு. அரசனின் குடை வெயில் மறைக்க அன்று, குடிக்கு நிழல் தரவே என்று அங்கே அவர் சொல்கிறார். பாக்கியை நீக்கியதால் குறைந்த வருவாய்க்கு வளவன் எதை வெட்டினான் என்பது பாட்டில் இல்லை. அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இன்று வரிக் குறைப்புக்கு முழக்கமிடுவோரிடமும் அதையே கேட்க வேண்டும்.

நான் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு, மறைப்பானேன்? 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் சற்றுக் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டு மனைகளாகியும் மக்கள் பெயர்ந்ததே பெருங்காரணம்; எல்லாவற்றையும் சிக்கனத்தின் தலையில் போடுவது நேர்மையன்று. இரண்டு மூன்று சிறு பள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கியதால் பிள்ளைகள் நன்மை பெற்ற இடங்களும் உண்டு. ஆயினும் 150க்குக் குறைந்த மாணவர் உள்ள பள்ளி என்னும் பட்டியலில் நம் பள்ளிகள் பல நிற்கின்றன. தலைக்கு இவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்த்தால், அப்பள்ளிகள் யாவும் சிந்திய சோறாகவே தோன்றும். ஒருமுறை ஓர் அலுவலர் என் முன்னிலையில் அவ்வாறு வகுத்துக் காட்டினார். கணக்கில் பிழையில்லை. என்னிடம் மறுமொழியும் இல்லை. அன்று காலையில்தான், 1979 முதல் நம் பள்ளிகளில் நடந்து வரும் துணை உணவுத் திட்டத்தில், முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி பாதித் தட்டை மேசையில் கொட்டிவிட்டு மீதியை உண்டு முடித்திருந்தாள். வீட்டில் காலையில் உண்ணாமல் வரும் பிள்ளை அவள். கொட்டிய பாதியைக் கணக்கில் எழுதும் பத்தி எங்கள் படிவத்தில் இல்லை. உண்ட பாதியை எழுதும் பத்தியும் இல்லை.

தேர்வுக்குப் பாடம் நடத்துவோர் 184ஆம் பாட்டை எடுத்து, உவமையை விளக்கி, வரி என்னும் சொல்லோடு நிறுத்தி விடுகிறோம். சுற்றத்தைப் பற்றிய அடிகளையும் சேர்த்து நடத்தினால் பாட்டின் முழுப்பொருள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். 188ஆம் பாட்டு குழந்தைச் செல்வம் என்னும் தலைப்பில் வேறொரு பக்கத்தில் அச்சாகியிருக்கும். இரண்டுக்கும் உறவில்லை என்றே மாணவர் எண்ணுவர். இரண்டையும் ஒரே நாளில் எடுத்து, யானை மிதித்த நெல்லையும் குழந்தை சிந்திய சோற்றையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு, எதை நிறுத்தலாம் என்று மாணவரையே கேட்டுப் பாருங்கள். இரண்டும் சிறிய பாட்டுகள்தாம். ஒரு பாடவேளைக்குள் அடங்கும்.